பாரனெட் பட்டம்: மரியாதைக்கா, வரவுக்கா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பாரனெட் என்பது இங்கிலாந்து மன்னர் தொடங்கிய, பரம்பரையாக வரும் பட்டம். அது மன்னரின் வரவுக்கே என்ற அணியில் பேச வந்திருக்கிறேன். எதிரணி நண்பர், "அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியைக் காக்கப் படை தந்தவர்களுக்கு மன்னர் செய்த சிறப்பு" என்று உருகிவிட்டுப் போனார். உருகுவது இருக்கட்டும், கணக்கைப் பார்ப்போம்.

1611 மே மாதம், கஜானா வறண்ட நிலையில் முதலாம் ஜேம்ஸ் இந்தப் பட்டத்தைத் தொடங்கினார். விலை 1,095 பவுண்டு. அது என்ன, 1,095? அல்ஸ்டரில் 30 காலாட்படை வீரர்களை வைத்திருக்கும் செலவு, தலைக்கு நாளொன்றுக்கு 8 பென்ஸ். முப்பதை எட்டால் பெருக்கினால் 240 பென்ஸ், அன்றைய நாணயத்தில் சரியாக ஒரு பவுண்டு. மூன்று வருடத்துக்கு 1,095 நாள். தவணையிலும் கட்டலாம்!

வாங்குபவருக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு நில வருமானம் வேண்டும். தந்தைவழிப் பாட்டனாருக்குக் குலச்சின்னம் இருந்திருக்க வேண்டும். போர்க்களம் பார்த்தவரா என்று யாரும் கேட்கவில்லையே, நண்பரே! பதிலுக்குக் கிடைத்தது பெயருக்கு முன் 'சர்', மனைவிக்கு 'லேடி'. 'சர்' என்று அழைக்க வைக்கும் இன்னொரு பட்டமான நைட் பட்டம் ஆளோடு முடியும். இது மூத்த மகனுக்குப் போகும். காசு கொடுத்ததே அதற்குத்தான். இத்தனைக்கும் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் நாற்காலி கிடையாது. சட்டத்தின் கண்ணில் அவர் சாமானியரே.

மரியாதை என்றால் மதிப்பு நிற்க வேண்டும். நின்றதா? ஆளைப் பரிந்துரைக்கும் உரிமையை மன்னர் அரசவை ஆட்களுக்கு அள்ளிக் கொடுத்தார். அவர்கள் வந்த விலைக்குத் தள்ளினார்கள். 1622 வாக்கில் அதே பட்டம் சுமார் 220 பவுண்டு. ஆடித் தள்ளுபடி தோற்றது! 200 பேருக்கு மேல் இல்லை என்ற வாக்குறுதியும் மகன் சார்லஸ் காலத்தில் காற்றில் போனது.

அந்தச் சார்லஸ் 1625இல் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு நோவா ஸ்கோஷியா பாரனெட் பட்டம் தந்தார். கட்டணம் 3,000 மெர்க், அதாவது அன்றைய ஸ்காட்லாந்து நாணயம். கூடவே இன்றைய கனடாவில் உள்ள அந்த நோவா ஸ்கோஷியாவில் நிலம். அதைப் பெற்றுக்கொள்ளக் கடல் தாண்ட வேண்டாம். ஸ்காட்லாந்தின் எடின்பரோ கோட்டையின் மண்ணையே நோவா ஸ்கோஷியா மண்ணாகக் கருதலாம் என்று ஏற்பாடு. 1632இல் அந்தப் பகுதி பிரான்சிடம் போனது. பட்டம் நின்றதா? 1707 வரை புதிது புதிதாக வழங்கினார்கள். நிலமே கையில் இல்லாத பட்டத்தில் எந்தச் சேவையைக் கௌரவித்தார்கள் என்று எதிரணி எழுந்து சொல்லட்டும், நடுவர் அவர்களே.