ஆயிரம் பொன்னும் ஆறாயிரம் ரூபாயும்

(இலங்கை மலையகத்து நகரமொன்றின் நூலக மண்டபத்தில், ஒரு ஞாயிறு மாலை பேசியதன் எழுத்து வடிவம். மேடையில் விட்டுப்போன இரண்டொரு வரியைச் சேர்த்திருக்கிறேன். பேசியதில் எதையும் எடுக்கவில்லை.)

தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே, இந்த மழையிலும் சொன்ன நேரத்துக்கு வந்து எங்களை வெட்கப்பட வைத்த நகரசபைத் தலைவர் அவர்களே, விகாரையிலிருந்து வருகை தந்திருக்கும் மதிப்புக்குரிய தேரர் அவர்களே, குருக்கள் ஐயா அவர்களே, பங்குத் தந்தை அவர்களே, மௌலவி அவர்களே, இந்த மண்டபத்தைத் தன் வீட்டுத் திண்ணை மாதிரிப் பெருக்கி வைத்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, ஞாயிற்றுக்கிழமைத் துணி துவைப்பை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

யாருடைய பெயரையும் சொல்லாமல் பதவியை மட்டும் சொல்கிறேனே என்று பார்க்க வேண்டாம். போன வருடம் இதே மேடையில் ஒருவர் பெயரை விட்டுவிட்டேன். மூன்று மாதம் அவர் என்னோடு பேசவில்லை. பதவியைச் சொன்னால் அந்த வம்பு இல்லை.

எனக்குப் பொன்னாடை போர்த்தியதற்கு நன்றி. இது ஏழாவது. வீட்டு அலமாரியில் ஆறு இருக்கிறது. விற்கப் போனால் ஆறையும் சேர்த்து ஒரு இறாத்தல் பாண் வாங்க முடியுமோ தெரியாது. இன்றைய தலைப்புக்கு இதைவிட நல்ல முன்னுரை கிடைக்காது.

தலைப்பு, பாட்டுக்காரர்களின் நினைவுப் பொருள்களும் அவற்றின் விலையும். மூன்று விஷயம் பேசுவதாக அமைப்பாளர்களிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஒன்று, ரசிகர்கள் சேர்த்து வைத்த பொருள்களின் விலை ஏன் விழுகிறது. இரண்டு, போலிக் கையெழுத்து. மூன்று, நம் பெண்கள் எழுதி வைத்த பாட்டுக் கொப்பிகள்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு என் பழமொழியும் தெரியும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். என் பிள்ளைகளுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆனாலும் இன்றைக்கு அதை விட்டுவிட்டுப் பேச முடியாது.

அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 1977 ஓகஸ்ட் 16ஆம் திகதி இறந்தார். வயது 42. அதற்குப் பிறகும் அவருடைய இசைத்தட்டு, படம், கையெழுத்து என்று ரசிகர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். இறந்த யானைக்கும் ஆயிரம் பொன் கிடைத்த காலம் அது. இப்போது அந்த ரசிகர்கள் எழுபதையும் எண்பதையும் தாண்டிவிட்டார்கள். இப்படிப்பட்ட பொருளுக்கு யார் காசு கொடுப்பார்கள்? பதினைந்து வயதில் அந்தப் பாட்டைக் கேட்டு மயங்கி, ஐம்பது வயதில் கையில் நாலு காசு வைத்திருப்பவர்தான் கொடுப்பார். அவரே வீட்டைக் காலி பண்ணுகிற வயதுக்கு வந்துவிட்டால், வாங்கியவரெல்லாம் ஒரே நேரத்தில் விற்க வருகிறார்கள். பிள்ளைகளிடம் தட்டுப் போடுகிற பெட்டி இல்லை. வீட்டில் வைக்க இடமும் இல்லை. பாட்டு வேண்டுமென்றால் போனில் இருக்கிறது. அப்புறம் இந்த இணைய ஏலம். முன்பு கொழும்புக் கடைக்காரர் ஒருவர் “தம்பி, இது இலங்கையிலேயே ஒன்றுதான் இருக்கிறது” என்றால் நம்பினோம். இன்று தேடிப் பார்த்தால் அதே தட்டு நாற்பது வீட்டில் இருப்பது தெரிகிறது.

எல்லாமே விழுந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2015இல், பீட்டில்ஸ் என்ற ஆங்கிலேயப் பாட்டுக் குழுவில் டிரம் அடித்த ரிங்கோ ஸ்டார், தன்னிடமிருந்த அந்தக் குழுவின் தட்டொன்றை ஏலத்துக்குக் கொடுத்தார். முதலாம் இலக்கம் அச்சிட்ட பிரதி. 7,90,000 டொலருக்குப் போனது. 2020இல், நிர்வாணா என்ற அமெரிக்கக் குழுவின் பாடகர் கர்ட் கோபேனின் கிட்டார் 60 லட்சம் டொலரைத் தாண்டியது. உச்சியில் இருப்பது இன்னும் ஏறுகிறது, அடிவாரத்தில் இருப்பது சரிகிறது. மண்சரிவைப் பற்றி மலைநாட்டுக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பின்வரிசைத் தம்பி ஒருவர் கையைத் தூக்குகிறார். “தட்டு மறுபடியும் விற்கிறதாமே?” என்கிறார். சரிதான் தம்பி. அமெரிக்காவில் 2020இல் சீடியைவிடத் தட்டு அதிக வருமானம் பார்த்தது. 1986க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. ஆனால் அந்தக் காசில் பெரும்பகுதி புதிதாக அச்சடித்த தட்டுக்குப் போகிறது. உன் தாத்தாவின் பூஞ்சணம் பிடித்த பெட்டிக்கு அதில் பங்கு கிடையாது.

எது விலை போகும் என்பதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1960களில், மற்ற நாடுகள் புதுத் தட்டுக்கு மாறிய பிறகும், இந்தியாவில் பீட்டில்ஸ் பாட்டுகள், நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றுகிற பழைய அரக்குத் தட்டில் வந்தன. சாவி கொடுத்துச் சுற்றுகிற கிராமபோன் வைத்திருந்தவர்கள் அங்கே இன்னும் இருந்தார்கள். அந்தத் தட்டுகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள். லட்சக்கணக்கில் விற்ற பிரதியை யாரும் தேடுவதில்லை. மின்சாரம் இல்லாத வீட்டுக்காக அடித்தது இன்று அபூர்வப் பொருள்.

மின்சாரம் இல்லாத வீடு என்றதும் என் பெரியப்பா ஞாபகம் வருகிறது. தலைவர் ஐயா மணிக்கூட்டைப் பார்க்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன்.

பெரியப்பா மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை பார்த்தவர். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், முதல் ரேடியோ அவருடையது. சம்பளத்தன்று அரிசிக்கு முதல் பற்றரி வாங்குகிற மனுசன் என்பது பெரியம்மாவின் ஆயுள்கால முறைப்பாடு. இலங்கை வானொலிக்கு, நேயர் விருப்பத்துக்குப் போஸ்ட்காட் போட்டுவிட்டுக் காத்திருப்பார். அறிவிப்பாளர் மயில்வாகனன் குரலையும், பிறகு கே.எஸ். ராஜா குரலையும் காம்பராக் கதவைத் திறந்துவைத்து முழு லயத்துக்கும் கேட்கப் பண்ணுவார். ஒரு முறை அவர் பெயர் வாசிக்கப்பட்டது. தோட்டத்தின் பெயரைத்தான் அறிவிப்பாளர் பிழையாகச் சொல்லிவிட்டார். பெரியப்பா அதற்கும் ஒரு போஸ்ட்காட் போட்டார்.

ஒரு நாள், தமிழ்நாட்டிலிருந்து ஒரு பிரபலப் பாடகர் ஹட்டனில் கச்சேரிக்கு வருகிறார் என்று செய்தி. பெரியப்பாவிடம் அவருடைய தட்டு ஒன்று இருந்தது. அதில் எப்படியாவது கையெழுத்து வாங்கிவிட வேண்டும். அன்று பார்த்து அடைமழை. தட்டு நனையக்கூடாது. பெரியம்மா கொழுந்து எடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை எடுத்து, தட்டை அதற்குள் வைத்து, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டினார். ரோட்டுக்கு இறங்க ஒரு மணித்தியாலம். சி.டி.பி. பஸ்ஸில் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு நோர்வூட், டிக்கோயா தாண்டி ஹட்டன். கூட்டத்தில் நசுங்காமலிருக்கத் தட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி மூன்று மணித்தியாலம் கச்சேரி கேட்டார். பின்னால் நின்றவர்கள் திட்டிய திட்டை இந்தச் சபையில் சொல்ல முடியாது. தேரர் இருக்கிறார்.

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்பக்கம் ஓடினால், பாடகரின் கார் போய்விட்டது. படிக்கட்டில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். பட்டுச் சட்டை, கழுத்தில் சங்கிலி, வாய் நிறைய வெற்றிலை. பெரியப்பா பாடகரின் முகத்தை உறையில் உள்ள அரை அங்குலப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். மேடையோ தூரம். காரில் போனது வேறு யாரோ, இவர்தான் அவர் என்று முடிவு கட்டிவிட்டார். படங்கை அவிழ்த்து, தட்டை நீட்டி, காலிலும் விழுந்தார். அந்த மனிதர் வாயைத் திறக்க முடியாமல் தலையை ஆட்டிக்கொண்டே, நல்ல நீளமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கீழே சின்னதாக மூன்று எழுத்து வேறு.

அந்த உறை கண்ணாடிச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. வெள்ளிக்கிழமை திருநீறு வைத்தார்கள். அடுத்த நாள் படங்கு இல்லாமல் மலைக்குப் போய் நனைந்த பெரியம்மாவும்தான் வைத்தார். கீழே உள்ள மூன்று எழுத்து ஏதோ ஆசீர்வாதம் என்று முப்பது வருடம் நம்பினோம்.

பெரியப்பா காலமான பிறகு, அண்ணன் எல்லாத் தட்டையும் இரண்டு தேயிலைப் பெட்டியில் அடுக்கிக் கொழும்புக்குக் கொண்டுபோனார். 212 தட்டு. பழந்தட்டு வாங்குகிறவர் முதலில் அந்தக் கண்ணாடிச் சட்டத்தைத்தான் கையில் எடுத்தார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். சிரித்தார். “தம்பி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் வாசித்தீர்களா?” என்று கேட்டார். அந்த மூன்று எழுத்து: தபேலா.

சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் அந்தத் தபேலாக்காரர் நேர்மையான மனிதர். தன் பெயரைத்தான் போட்டார், தொழிலையும் கீழே எழுதினார். பீட்டில்ஸ் கூட்டத்தில், அவர்களோடு ஊர் ஊராகப் போன நீல் ஆஸ்பினாலும் மால் எவன்ஸும் அந்த நால்வரின் கையெழுத்தையும் தாங்களே போட்டுக் கொடுத்த தட்டுகளும் படங்களும் எத்தனையோ. பழைய கையெழுத்து என்றாலே இன்று வாங்குகிறவர் முகம் சுளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாவது விஷயம் முடிந்தது.

இனி அந்தக் கொழும்புக்காரர் சொன்ன அடுத்த வார்த்தைக்கு வருகிறேன். உண்மையில் நான் இங்கே வந்ததே அதற்காகத்தான். ஒவ்வொரு உறையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எல்லாவற்றிலும் பேனாவால் கிறுக்கியிருக்கிறது. உறை கெட்டுப்போனால் விலை இல்லை. மொத்தமாக ஆறாயிரம் தருகிறேன்” என்றார். வியாபாரி சொன்னது வியாபாரத்துக்குச் சரி. அவரை நான் குறை சொல்லவில்லை.

என்ன கிறுக்கல் அது? அந்தத் தட்டுகளில் பாதிக்கு மேல் பெரியப்பா கடையில் வாங்கியவை அல்ல. இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, ஊருக்கு என்று இந்தியாவுக்குப் போன குடும்பங்கள் விற்றுவிட்டுப் போனவை. தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் போன ராமானுஜம் கப்பலில் கொண்டுபோக முடியாத சாமான். சிலர் காசு வேண்டாம் என்று கையில் திணித்துவிட்டுப் போனார்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எத்தனையாம் நம்பர் லயம், என்றைக்குக் கோச்சி ஏறினார்கள் என்று பெரியப்பா ஒவ்வொரு உறையிலும் நீல மையில் எழுதியிருக்கிறார். ஒரு உறையில், “இந்தப் பாட்டு அவுக மக கல்யாணத்தில போட்டது. ஊசி தேஞ்சு போச்சு, திரும்பவும் போடச் சொன்னாங்க.” இன்னொன்றில் திகதி மட்டும். அதற்குக் கீழே, “ஸ்டேசன் வரை போனேன்.”

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். கொழும்புக் கடையில் யானைக்கு விலை வைத்தார்கள். யானை மேல் இருந்தவர்களை விலைப்பட்டியலில் காணோம்.

அண்ணன் விற்காமல் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். இரண்டு பெட்டியும் இப்போது என் கட்டிலுக்குக் கீழே. நகரசபைத் தலைவர் அவர்களே, இதற்காகத்தான் உங்களை முன்வரிசையில் உட்கார வைத்தோம். இந்த நூலகத்தின் மேல்மாடியில் ஓர் அறை பூட்டியிருக்கிறது. உள்ளே உடைந்த கதிரை பன்னிரண்டு. சன்னல் வழியாக எண்ணிவிட்டேன். அந்த அறையை மலையகத்து ஒலிக்கூடம் ஆக்கித் தாருங்கள். அலமாரி நாங்கள் அடிக்கிறோம். உங்கள் படத்தையும் மாட்டுகிறோம், முருகன் படத்துக்குப் பக்கத்தில் இல்லாவிட்டாலும்.

இதை இப்போது செய்யாவிட்டால் எப்போது? விலை ஏறியிருந்தால் நம் கையில் ஒன்றும் கிடைத்திருக்காது. விலை விழுந்திருப்பதால்தான் பழைய இரும்பு, போத்தல் எடுக்கிறவரின் சாக்குக்குள் கேசட் கேசட்டாகப் போகிறது. பிலிப்ஸ் கம்பனி 1963இல் கொண்டுவந்த அந்தச் சின்னக் கேசட்டில்தான் நம் காமன் கூத்து இருக்கிறது, பொன்னர் சங்கர் கூத்து இருக்கிறது, செத்துப்போன பாட்டிகளின் ஒப்பாரி இருக்கிறது. 1931இல் ஹட்டனில் தொழிற்சங்கம் தொடங்கிய நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடியவர். பாட்டுகள் அச்சில் உண்டு. அந்தக் குரல் எப்படி இருந்தது என்று இந்தச் சபையில் யாராவது சொல்லுங்கள் பார்ப்போம். மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாட்டுகளைத் தேடி எழுதி வைத்தார். வரி இருக்கிறது. மெட்டை யாரிடம் போய்க் கேட்பது? நம் நாட்டு வானொலியின் ஆரம்பமே, 1923இல் கொழும்புத் தந்தி அலுவலகத்தில், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் சாமானைக் கொண்டு செய்த கருவியில் கிராமபோன் தட்டுப் போட்டதுதான். ஒரு சின்ன அறையில் அதைச் செய்தார்கள். நமக்கும் ஒரு சின்ன அறை போதும்.

தலைவர் ஐயா துண்டு அனுப்பியிருக்கிறார். சரி, முடிக்கிறேன். மூன்றாவது விஷயம், பாட்டுக் கொப்பி. அதற்கு நேரம் இல்லை. தாய்மார்களே, கொப்பியை அடுப்பு மூட்டக் கிழிக்காமல் வையுங்கள், அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன்.

வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணியிலிருந்து வாசலில் ஒரு மேசை போட்டிருப்போம். உடைந்த தட்டையும் கொண்டுவாருங்கள். கொண்டுவரும் வரைக்கும் தட்டைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். பூஞ்சணத்தைத் துடைக்கிறேன் என்று பழைய 78 தட்டில் ஸ்பிரிட் போட்டுவிடாதீர்கள். அது அரக்கு, கரைந்துவிடும். கேசட்டை ஸ்பீக்கர் பெட்டி மேல் வைக்க வேண்டாம், உள்ளே காந்தம் இருக்கிறது. உறையில் எழுதியிருப்பதை யாரும் அழிக்காதீர்கள். எழுதாமல் இருந்தால், யாருடையது, எந்தத் தோட்டம் என்று ஒரு துண்டில் எழுதி உள்ளே வையுங்கள். மஸ்கெலியா கடைசி பஸ் புறப்பட இன்னும் இருபது நிமிடம்தான் இருக்கிறது, அந்தப் பக்கத்து ஆட்கள் முதலில் எழும்பலாம். மற்றவர்களுக்குக் கீழே தேத்தண்ணி இருக்கிறது.