ஒன்றேகால் பவுன் குண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் மான் வேட்டைக்குப் போகிற தமிழன் ஒருவன் இருக்கிறான் என்று யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பத்து நிமிடம் பேசுங்கள் என்று அழைத்துவிட்டார்கள். இந்தியாவில் இருந்து கேட்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, மான்மேல் கை வைத்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். நான் பேசுவது இருபத்தைந்து வருடமாக நான் குடியிருக்கும் இந்த ஊர்க் கதை. இங்கே மான் அதிகம், சோளக்கொல்லை அதிகம், ராத்திரியில் காரில் வந்து மோதும் மானும் அதிகம். நவம்பரில் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை துப்பாக்கிப் பருவம் தொடங்கும். ஒன்பது நாள். உரிமம் வாங்கிக்கொண்டு, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு பாதி ஊர் காட்டுக்குள் போய்விடும்.

அதற்கு இரண்டு வாரம் முன்னால் கடைக்குப் போய்ப் பாருங்கள். தோட்டா அடுக்கி வைத்திருக்கும் அலமாரி முன்னால் புது ஆட்கள் நின்று முழித்துக்கொண்டிருப்பார்கள். சுவர் முழுக்கப் பெட்டி, பெட்டிமேல் எண். 243, 270, 308, 30-30, 30-06. ஒரே எண்ணிலேயே பத்து வகைப் பெட்டி. விலை முப்பது டாலருக்கும் இருக்கும், எழுபதுக்கும் இருக்கும். எதை எடுப்பது? இந்தக் கேள்வியில்தான் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டு என்று வீட்டில் சொல்வார்கள்.

எண்ணை முதலில் முடித்துவிடலாம். நம்மூர் போலீஸ்காரர் தோளில் 303 பார்த்திருப்பீர்கள், அதே மாதிரிதான் இவையும். 308 என்றால் குண்டின், அதாவது தோட்டாவிலிருந்து பறந்து போகும் முனையின், குறுக்களவு 0.308 அங்குலம். இதில் ஒழுங்குமுறை எதையும் எதிர்பார்க்காதீர்கள். 30-06 என்பதில் 06 வந்தது, அமெரிக்க ராணுவம் அதை ஏற்றுக்கொண்ட 1906ஆம் ஆண்டால். 30-30 என்பதில் இரண்டாவது 30, அந்தக் காலத்தில் உள்ளே போட்ட வெடிமருந்தின் எடை. 270 என்று பெயர் வைத்த தோட்டாவின் குண்டு உண்மையில் 0.277 அங்குலம். யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த பெயர்கள் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் கறார். துப்பாக்கிக் குழாயில் என்ன பெயர் பொறித்திருக்கிறதோ, தோட்டாவின் பித்தளை அடியில் அதே பெயர் முழுசாக இருக்க வேண்டும். கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கிறதே என்று போடக்கூடாது. 223 துப்பாக்கிக்குள் 300 பிளாக்கவுட் தோட்டாவைத் தவறிப் போட்டு, துப்பாக்கி கையிலேயே வெடித்த சம்பவங்கள் இங்கே உண்டு. குழாயில் இருப்பதும் பித்தளையில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள், அப்புறம் இன்னொரு தடவை பாருங்கள்.

சரி, எண் முடிந்தது. எண்ணோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்தக் கதைக்கு வருகிறேன்.

எனக்கு வேட்டை கற்றுக்கொடுத்தவர் பக்கத்துப் பண்ணைக்காரர், மாடு வைத்துப் பால் கறந்து ஓய்வுபெற்ற பெரியவர். நான் வாங்கியது 308. முதல் வருடம் அவரே கடைக்குக் கூட்டிப் போய் 150 கிரெய்ன் பெட்டி ஒன்று எடுத்துக் கொடுத்தார். கிரெய்ன் என்பது குண்டின் எடை. ஒரு கிராமுக்குப் பதினைந்தரைக்குச் சற்றுக் குறைவு. 150 கிரெய்ன் என்றால் ஒன்பதே முக்கால் கிராம். நம் கணக்கில் சொன்னால், ஒன்றேகால் பவுனுக்குக் கொஞ்சம் கம்மி. ஒரு மோதிரத்தின் எடைதான், அது போய் எண்பது கிலோ மானைச் சாய்க்க வேண்டும்.

இரண்டாம் வருடம் நான் தனியாகப் போனேன். பருவம் தொடங்க இரண்டே நாள், அலமாரி காலி. என் பெட்டி இல்லை. அதே 308, ஆனால் வேறு கம்பெனி, 180 கிரெய்ன் பெட்டி ஒன்று கிடந்தது. எண் ஒன்றுதானே, குண்டு கனமாக இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று எடுத்துக்கொண்டேன். சுட்டுப் பார்க்கவில்லை. போன வருடமே குறி சரிபார்த்து வைத்த துப்பாக்கிதானே!

சனிக்கிழமை காலை, பனி, விரல் விறைக்கும் குளிர். ஏழே முக்கால் மணிக்கு ஒரு கிடா மான் ஓடையைத் தாண்டி வந்து பக்கவாட்டில் நின்றது. நூற்றிருபது கஜம் இருக்கும். முன்னங்காலுக்குப் பின்னால் குறி வைத்து விசையை அழுத்தினேன். மான் முதுகை வளைத்துக் குதித்து ஓடியது. அந்த வளைவைப் பார்த்தவுடன் பழகினவர்களுக்குத் தெரியும், பட்டது நெஞ்சில் இல்லை, வயிற்றில். எனக்குத் தெரியவில்லை, சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பெரியவர் வந்து பனியில் கிடந்த முடியையும் பச்சை கலந்த ரத்தத்தையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. துரத்தினால் இன்னும் தூரம் ஓடும் என்று பல மணி நேரம் உட்கார வைத்தார். அப்புறம் தடம் பார்த்துப் போய், சதுப்பு நிலத்து ஓரத்தில் படுத்திருந்த மானை இரண்டு மணிக்குக் கண்டுபிடித்தோம். உயிர் இருந்தது. அவர்தான் முடித்துவைத்தார். அன்றைக்கு அந்த மான் என்னைப் பார்த்ததை நான் ரேடியோவில் சொல்லப்போவதில்லை.

மறுநாள் என்னைச் சுடுதளத்துக்கு இழுத்துப் போனார். நூறு கஜத்தில் ஒரு காகிதத் தட்டைக் குத்தி வைத்தார், பிறந்தநாள் கேக் வைத்துத் தருவார்களே, அந்தத் தட்டு. மானின் நெஞ்சுக்குள் நுரையீரலும் இதயமும் சேர்ந்த இடம் ஏறக்குறைய அந்த அளவுதான். மணல் மூட்டைமேல் துப்பாக்கியை வைத்து, என்னிடம் மிச்சம் இருந்த பழைய 150இல் மூன்று போட்டேன். தட்டு நடுவில் ஒரு சாத்துக்குடி அகலத்துக்குள் மூன்று ஓட்டை. குழாய் ஆறட்டும் என்றார். பிறகு புதுப் பெட்டியில் மூன்று. அவையும் மூன்றும் ஒன்றாகத்தான் விழுந்தன, ஆனால் நான்கு அங்குலம் வலப்பக்கம், மூன்று அங்குலம் கீழே. தட்டின் ஓரம்! “தம்பி, துப்பாக்கி சரியாகத்தான் சுடுகிறது. நீ அதற்குச் சொல்லாமல் சாப்பாட்டை மாற்றிவிட்டாய்” என்றார். தம்பி என்பது நான் போட்டுக்கொண்டது, அவர் சொன்ன ஆங்கில வார்த்தை அந்தத் தொனியில்தான் இருந்தது.

காரணம் எளிது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் குண்டின் எடை வேறு, மருந்து வேறு, வேகம் வேறு. வெடிக்கும்போது குழாய் அதிர்கிறது. குண்டு வெளியேறும் அந்தக் கணத்தில் குழாய் வாய் எந்தப் பக்கம் இருக்கிறதோ, குண்டு அந்தப் பக்கம் போகிறது. என் துப்பாக்கிக்குப் பிடிக்கும் பெட்டி, அதே கம்பெனி அதே மாடல் உங்கள் துப்பாக்கிக்குப் பிடிக்காமல் போகலாம். இதைப் பெட்டியைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, தட்டில்தான் தெரியும். அதனால் இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள், தட்டில் சுட்டுப் பாருங்கள், எது நெருக்கமாக விழுகிறதோ அதில் மூன்று பெட்டி சேர்த்து வாங்குங்கள். பெட்டி மடிப்பில் லாட் எண், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண், அச்சடித்திருக்கும், அதுவும் ஒன்றாக இருக்கட்டும். செப்டம்பரிலேயே வாங்குங்கள், நவம்பரில் அலமாரி காலியாகிவிடும். திரும்பவும் சொல்கிறேன், எந்தப் பெட்டியில் குறி சரிபார்த்தீர்களோ அந்தப் பெட்டியோடுதான் காட்டுக்குப் போக வேண்டும்.

இப்போது குண்டின் வகை. மேசைமேல் ஒன்றைத் தட்டுகிறேன், டிக் டிக் என்று கேட்கிறதா? அந்த 150 கிரெய்ன் குண்டு ஒன்றுதான். மூன்றாம் வருடம் மானின் ஒரு விலாவில் நுழைந்து, மறு விலாத் தோலுக்கு அடியில் நின்றுபோனது. தோலுரிக்கும்போது கத்தியில் இடறியது. முன்பக்கம் காளான் குடை மாதிரி விரிந்து, செம்பு உறை இதழ் இதழாகப் பின்னால் மடங்கியிருக்கிறது. ஈயத்துக்குமேல் செம்பு உறை போட்டு, மூக்கில் மட்டும் ஈயத்தை வெளியே விட்டிருப்பார்கள். மென்முனைக் குண்டு. மானுக்கு இதுதான் வேண்டும். முழுக்க உறை போட்ட ராணுவக் குண்டு விரியாமல் ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போய்விடும், மான் மைல் கணக்கில் ஓடிச் சாகும். அதனால் பல மாநிலங்களில் மான் வேட்டைக்கு அது சட்டவிரோதம்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. 243இல் 58 கிரெய்ன் பெட்டியும் கிடைக்கும், 100 கிரெய்ன் பெட்டியும் கிடைக்கும். முதலாவது, கொல்லையில் திரியும் சிறு பிராணிகளுக்கானது, பட்டவுடன் பொடிப்பொடியாகிவிடும். மானின் தோள் எலும்பில் அது பட்டால் மேலே பெரிய புண், உள்ளே ஒன்றும் இருக்காது. கொலராடோவில் மானுக்கு 70 கிரெய்னுக்குக் குறைந்த குண்டு கூடாது என்று சட்டமே இருக்கிறது.

ஜான் நாஸ்லர் என்பவர் 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்குப் போனார். மூஸ் என்றால் நம் எருமையைவிட உயரமான மான். அது சேற்றில் புரண்டு, காய்ந்த சேறு கவசம் மாதிரி உடம்பில் ஒட்டியிருந்தது. அவரிடம் இருந்ததோ மேக்னம் துப்பாக்கி, அதாவது மருந்து அதிகம் அடைத்த தோட்டா போட்டு வேகமாகச் சுடுவது. வேகம் கூடியதால் குண்டு அந்தச் சேற்றிலும் தோளிலும் பட்டு உடைந்துபோனது, உள்ளே இறங்கவே இல்லை. திரும்பி வந்து யோசித்து, குண்டுக்கு நடுவில் செம்பாலேயே ஒரு தடுப்புச் சுவர் வைத்தார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். பார்ட்டிஷன் என்ற பெயரில் 1948இல் இருந்து விற்பனை. இன்றைக்கும் கிடைக்கிறது. வேகம் கூடினால் எல்லாம் நல்லது என்று நினைக்கிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வேன், யாரும் கேட்க மாட்டார்கள், மேக்னம்தான் வாங்குவார்கள். தோளில் உதை வாங்கி வாங்கி, அப்புறம் விசையை அழுத்தும்போதே கண்ணை மூடுவார்கள்.

எங்கள் காட்டில் நான் சுட்டதெல்லாம் பெரும்பாலும் நூறு கஜத்துக்குள்தான். நூறில் குறி சரிபார்த்த 308 குண்டு இருநூறில் சுமார் நான்கு அங்குலம் இறங்கும், முந்நூறில் ஓரடிக்கு மேல். மரங்களுக்கு நடுவில் முந்நூறு கஜம் யாருக்குத் தெரிகிறது? பெரியவர் சாகும்வரை 1895இல் வந்த 30-30தான் வைத்திருந்தார். அதில் ஒரு நுணுக்கம். அந்தத் துப்பாக்கியில் தோட்டாக்கள், சுடும் குழாய்க்கு அடியில் இருக்கும் இன்னொரு குழாய்க்குள் ஒன்றன் பின்னால் ஒன்றாக நிற்கும், ஒன்றின் மூக்கு அடுத்ததின் அடியில் இருக்கும் கேப்பை, அதாவது இடித்தால் மருந்தைப் பற்றவைக்கும் மூடியை, தொட்டபடி. கூர்மூக்குக் குண்டு போட்டால் உதையில் கேப் இடிபட்டு உள்ளேயே வெடித்துவிடக்கூடும். அதனால் தட்டை மூக்குக் குண்டுதான் போடுவார்கள், இப்போது ரப்பர் மாதிரி வளையும் முனை வைத்தும் வருகிறது...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். குளிரைப் பற்றிப் பேச வைத்திருந்தேன், விலையைப் பற்றியும். போகட்டும்.

இந்தக் குண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து என் மனைவியின் நகைத் தராசில் போட்டேன். ஏழு கிராம் சொச்சம் காட்டியது. “ஏங்க, ஒன்பதே முக்கால்னு சொன்னீங்க, மீதி எங்கே?” என்றார். அடுப்பில் அதே மானின் கறி மிளகு போட்டுக் கொதித்துக்கொண்டிருந்தது. மீதி இரண்டரைக் கிராம் ஈயமும் செம்புமாகத் தூள்தூளாக இறைச்சியில் சிதறியிருக்கும், பாதி கண்ணுக்கே தெரியாது. 2008இல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்குத் தானமாக வந்த மான் இறைச்சியில் ஈயத்துகள் இருந்ததென்று அதை விநியோகிக்காமல் நிறுத்திவைத்தார்கள். வேட்டைக்காரர்கள் விட்டுப்போன குடலையும் இறைச்சியையும் தின்று காண்டர் கழுகுகள் செத்ததால், கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டே கூடாது. முழுச் செம்புக் குண்டு 1989இல் இருந்தே கடையில் இருக்கிறது. உடையாது, எடை குறையாது. ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைவு, விரிய வேகமும் வேண்டும், அதனால் 150 எடுக்கிற இடத்தில் 130 எடுங்கள். விலை கொஞ்சம் கூட. தட்டில் மறுபடி முதலிலிருந்து சுட்டுப் பார்க்க வேண்டும். ஈயக் குண்டுதான் என்றால், பட்ட இடத்தைச் சுற்றி ஒரு சாணுக்குக் குறையாமல் வெட்டி எறிந்துவிடுங்கள், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்தக் கறியைக் கொடுக்காதீர்கள்.

அன்றைக்கு அந்தக் குழம்பை நாங்கள் சாப்பிடவில்லை. அடுத்த வருடத்திலிருந்து எங்கள் வீட்டில் செம்புதான். விளக்கு மாறிவிட்டது, வணக்கம்.