டிரம்ப்பின் பிள்ளைகளே அப்பாவுக்கு ஓட்டுப் போட முடியாத தேர்தல்!

[திரையில்: நியூயார்க் வாக்குச்சாவடி]

2016 ஏப்ரல் 19. நியூயார்க்கில் குடியரசுக் கட்சியின் பிரைமரி, அதாவது கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே முடிவு செய்யும் தேர்தல். டொனால்ட் டிரம்ப் சொந்த மண்ணில் போட்டியிடுகிறார். ஆனால் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் அவருக்கு ஓட்டுப் போட முடியவில்லை! அங்கே வாக்காளர் பதிவிலேயே கட்சியையும் குறிப்பிடலாம்; ஒரு கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டுமே அதன் பிரைமரியில் ஓட்டுப் போடலாம். இருவரும் குடியரசுக் கட்சி வாக்காளர்களாகப் பதிவு செய்திருக்கவில்லை.

சரி, கடைசி நேரத்தில் பதிவை மாற்றியிருக்கலாமே? அங்கேதான் சிக்கல். ஏற்கெனவே வாக்காளராக இருப்பவர்கள் கட்சிப் பதிவை மாற்றக் கடைசி நாள் 2015 அக்டோபர் 9. ஆறு மாதத்துக்கும் மேல் முன்னால்! அந்தப் போட்டியின் முதல் ஓட்டு அயோவா மாநிலத்தில் விழவே இன்னும் கிட்டத்தட்ட நாலு மாதம் இருந்தது. கடைசிவரை யார் களத்தில் நிற்பார் என்றே தெரியாத நேரத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள். ஜனநாயகக் கட்சி பிரைமரியில் பெர்னி சாண்டர்ஸுக்கு ஓட்டுப் போட நினைத்த கட்சி சாராதவர்களும் இதில்தான் மாட்டிக்கொண்டார்கள். பிறகு சட்டத்தைத் திருத்தி, கடைசி நாளை பிப்ரவரி 14-க்குத் தள்ளினார்கள். கட்சி சாராதவர்களுக்கோ கதவு இன்னும் திறக்கவில்லை.

பின்னணி சுருக்கமாக: பிரைமரியில் யாரெல்லாம் ஓட்டுப் போடலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது நியூ ஹாம்ப்ஷயர். அங்கே கட்சி சாராதவர் வாக்குச்சாவடிக்குப் போய் ஏதாவது ஒரு கட்சியின் ஓட்டுச்சீட்டைக் கேட்டு வாங்கலாம். ஓட்டுப் போட்டுவிட்டு, அங்கேயே ஒரு படிவத்தில் கையெழுத்திட்டு, மறுபடியும் கட்சி சாராதவராகவே வெளியே வரலாம்! 2000-இல் குடியரசுக் கட்சியின் பிரைமரியில் ஜான் மெக்கெய்ன் அங்கே ஜார்ஜ் புஷ்ஷை வீழ்த்தியதில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

"எங்கள் வேட்பாளரை வெளியாள் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?" என்று கட்சிக்காரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 2008-இல் வானொலித் தொகுப்பாளர் ரஷ் லிம்பா, ஜனநாயகக் கட்சியின் போட்டியை இழுத்தடிக்க ஒபாமாவுக்குப் பின்தங்கியிருந்த ஹிலாரி கிளிண்டனுக்கு ஓட்டுப் போடுங்கள் என்று குடியரசுக் கட்சி ஆதரவாளர்களைத் தூண்டினார். ஆனால் கவனியுங்கள், அவர் தூண்டியது எதிர்க்கட்சிக்காரர்களை. கட்சி சாராதவர்களை அல்ல.

பல தொகுதிகளில் ஒரே கட்சிதான் எப்போதும் ஜெயிக்கும். அங்கே பிரைமரிதான் உண்மையான தேர்தல், நவம்பரில் நடக்கும் பொதுத்தேர்தல் வெறும் சம்பிரதாயம். அந்தப் பிரைமரியை நடத்துவதும் பெரும்பாலும் மக்கள் வரிப்பணத்தில்தான். கருத்துக்கணிப்பு நிறுவனமான கேலப் 2024-இல் எடுத்த கணிப்புகளில் 43 சதவீத அமெரிக்கர்கள் தங்களைக் கட்சி சாராதவர்கள் என்றார்கள். செலவில் பங்கு கேட்டுவிட்டு வாசலில் நிறுத்துவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஃபுளோரிடாவில் 2020-இல் மாநிலத் தேர்தல்களின் பிரைமரியை எல்லோருக்கும் திறக்கும் மாநில அரசியலமைப்புத் திருத்தத்துக்கு வாக்கெடுப்பில் 57 சதவீத ஆதரவு கிடைத்தது. தேவைப்பட்டதோ 60. தோற்றது!

எதிர்க்கட்சியில் பதிவு செய்தவர்களைத் தடுங்கள், கட்சி சாராதவர்களை விடுங்கள். இதுதான் என் கருத்து. கட்சிகள் நினைத்தாலே இது நடக்கும். கட்சி சாராதவர்களை அழைக்க ஒரு கட்சி விரும்பினால் மாநிலச் சட்டம் தடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1986-லேயே, கனெக்டிகட் வழக்கில் சொல்லிவிட்டது.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய அண்ணனோ அத்தை மகளோ இருந்தால் இந்த வீடியோவை அனுப்புங்கள். அவர்கள் மாநிலத்தில் கட்சி சாராதவர்களுக்கு அனுமதி உண்டா, பதிவை மாற்றக் கடைசி நாள் எது என்று இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். அனுமதி இருந்தால் கட்டாயம் போய் ஓட்டுப் போடட்டும்.