கல் சுற்றியது, குழவி நின்றது

நேயர்களுக்கு வணக்கம். பொருளாதார வளர்ச்சியில் புத்தாக்கத்தின் பங்கு பற்றிப் பேசச் சொன்னார்கள். பெரிய தலைப்பு. நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. பாலிடெக்னிக் ஒன்றின் மெஷின் ஷாப்பில் முப்பது வருடம் நின்றவன். அதனால் எனக்குத் தெரிந்த ஒரு சாமானிலிருந்து தொடங்குகிறேன். மாவாட்டும் கிரைண்டர்.

ஆட்டுக்கல்லில் கை வைத்தவர்களுக்குத் தெரியும். கல் தரையில் கிடக்கும், குழவியை நாம் சுற்ற வேண்டும். ஒரு கை சுற்றும், இன்னொரு கை மாவைத் தள்ளிவிடும். "இதற்கு மோட்டார் வைக்கச் சொன்னால் எங்கே வைப்பாய்?" என்று மாணவர்களிடம் கேட்பேன். முக்கால்வாசிப் பேர் குழவியில்தான் வைப்பார்கள். கை சுற்றியது அதைத்தானே! ஆனால் குழவி ஆடும், எகிறும். அதைப் பிடித்துச் சுற்றும் இயந்திரம் செய்வது பெரும்பாடு. கிரைண்டரில் பாருங்கள், கல் சுற்றுகிறது, குழவி நின்ற இடத்திலேயே நிற்கிறது. அவ்வளவுதான் யோசனை. கோயம்புத்தூரில் 1955இல் பி. சபாபதி என்பவர் இந்த இயந்திரத்தை உருவாக்கினார். அப்புறம் சாய்த்து மாவு வழிக்கும் மாதிரி வந்தது, மேடைமேல் வைக்கும் மாதிரி வந்தது. 2005-06இல் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது.

சரி, இதில் பொருளாதாரம் எங்கே வந்தது? முதலில் நேரம். ஒரு வீட்டுக்கு மாவாட்ட ஒரு பெண்ணுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். அந்த உழைப்பை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் யாரும் எழுதியதில்லை. மிச்சமான நேரத்தையும் எழுதவில்லை. ஆனால் அந்த நேரத்தில் தையல் தைத்தவர்களும் மில் ஷிஃப்டுக்குப் போனவர்களும் உண்டு. அடுத்தது, தெருவுக்குத் தெரு ஈரமாவு விற்கும் கடை. கிரைண்டர் செய்தவர்கள் இப்படி ஒரு தொழில் முளைக்கும் என்று நினைத்தே இருக்கமாட்டார்கள். ஊத்துக்குளிப் பக்கம் கல் கொத்துபவர், மோட்டாருக்குக் காயில் என்ற கம்பிச்சுருள் கட்டுபவர், கிரைண்டருக்கு டிரம் செய்பவர், பெல்ட் விற்பவர் என்று ஒரு சாமானுக்குப் பின்னால் எத்தனை அடுப்பு எரிகிறது!

ஏன் கோயம்புத்தூர்? இட்லி தின்னாத தமிழ் ஊர் ஏது? நான் சொல்லும் காரணம் இதுதான். 1888இலேயே அங்கே ஸ்பின்னிங் மில் வந்துவிட்டது. 1932இல் நீலகிரி மலையிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. வந்த இயந்திரங்களெல்லாம் சீமைச் சரக்கு. ஒரு பல்சக்கரம் உடைந்தால் கப்பலில் வரும்வரை காத்திருக்க முடியாது. உள்ளூர் லேத் பட்டறையில் கடைந்து மாட்டினார்கள். உடைந்ததைச் செய்தவன் கொஞ்ச நாளில் முழுசையும் செய்துபார்ப்பான். பக்கத்தில் வானம் பார்த்த பூமி, ஆழக் கிணறு, மாடு கட்டிக் கவலை இறைக்கும் விவசாயி. அவருக்குப் பம்பு வேண்டும். 1937இல் மின் மோட்டாரையே அங்கே செய்துவிட்டார்கள். இந்தியாவில் செய்த முதல் மோட்டார் அதுதான் என்பார்கள். ஜி.டி. நாயுடு பெயர் அந்தக் கதையில் வராமல் இருக்காது.

பட்டறை மட்டும் போதுமா என்றால், போதாது. 2025ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசில் பாதி ஜோயல் மோக்கிர் என்ற வரலாற்றாசிரியருக்குப் போனது. அவர் சொல்வதை நம் பாஷையில் சொன்னால், அறிவு இரண்டு வகை. 'எப்படிச் செய்வது' ஒன்று, 'ஏன் அப்படி ஆகிறது' இன்னொன்று. கைவினைஞரிடம் 'எப்படி' இருக்கும். படித்தவரிடம் 'ஏன்' இருக்கும். இரண்டும் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்த காலமெல்லாம் கண்டுபிடிப்புகள் வந்தன, ஆனால் ஒன்றிலிருந்து அடுத்தது கிளைக்கவில்லை. இதைப் படித்தபோது எனக்குக் கோயம்புத்தூரின் பி.எஸ்.ஜி. கல்வி வளாகம்தான் நினைவுக்கு வந்தது. பம்பும் மோட்டாரும் செய்யும் தொழிற்கூடம் முதலில் வந்தது. 1951இல் பொறியியல் கல்லூரி அதே வளாகத்தில் வந்தது. பையன் காலையில் வகுப்பில் 'ஏன்' கேட்டுவிட்டு, மத்தியானம் எண்ணெய்க் கையோடு 'எப்படி'யைப் பார்ப்பான்.

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. நாட்டின் பம்புகளில் ஏறக்குறைய பாதி கோயம்புத்தூரில் செய்தது என்று ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்வோம். பிறகு ராஜ்கோட், அகமதாபாத் பக்கத்திலிருந்து விலை குறைந்த, தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள் பம்புகள் வந்து சந்தையைப் பங்குபோட்டுக்கொண்டன. நம் ஆட்கள் கூலி, இரும்பு விலை, வரி என்று காரணம் சொல்வார்கள். அதெல்லாம் உண்டுதான். ஆனால் எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. 1990 வாக்கில் தமிழ்நாட்டில் விவசாயப் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் முழுக்க இலவசமானது. விவசாயிக்கு அது தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. கடனில் கிணறு வெட்டியவரிடம் போய் அப்படிப் பேசமாட்டேன். விளைவை மட்டும் பாருங்கள். கரண்ட் பில் கட்டாதவர் 'இது எவ்வளவு மின்சாரம் இழுக்கும்' என்று கேட்கமாட்டார். 'வோல்டேஜ் குறைந்தாலும் ஓடுமா, காயில் எரியாதா, விலை என்ன' என்று கேட்பார். கேட்டதைத்தான் பட்டறையும் செய்து கொடுத்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் பம்பை வடிவமைத்த என் பழைய மாணவர் ஒருவர், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கூடுதல் விலைக்கு அதை ஒரு வருடம் விற்றுப் பார்த்துவிட்டு, பழைய மாடலுக்கே திரும்பினார். அவரிடம் 'ஏன்' இருந்தது, 'எப்படி'யும் இருந்தது. 'எனக்கு அது வேண்டும்' என்று கேட்க ஆள் இல்லை.

நாட்டு வருமானத்தில் நாம் ஆராய்ச்சிக்குச் செலவிடுவது 0.64 சதவீதம், தென்கொரியா 4 சதவீதத்துக்கும் மேல் என்று புள்ளிவிவரம் சொல்வார்கள். ராத்திரி பத்து மணிக்கு லேத்தில் நின்று பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரைப் புதிதாகக் கடைந்துபார்ப்பவர் அந்தக் கணக்கில் எங்கே வருகிறார் என்று நான் கேட்பதுண்டு. அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது; இடைவெளி அப்படி. ஆனாலும் பணத்தைக் கூட்டிவிட்டால் மட்டும் அந்த மாணவரின் பம்பு விற்றிருக்குமா?

விற்கும் போலிருக்கிறது, இப்போது. அதுவும் வேறு வழியில். சோலார் பம்புக்கு மானியத் திட்டங்கள் வந்த பிறகு, ஒவ்வொரு வாட்டுக்கும் பேனல் வாங்க வேண்டியிருக்கிறது. குறைவாக இழுக்கும் மோட்டார் என்றால் குறைவான பேனல், குறைவான செலவு. முப்பது வருடம் யாரும் கேட்காத கேள்வியை இன்று டீலர் முதலில் கேட்கிறார். போன மாதம் அந்த மாணவரின் பட்டறைக்குப் போயிருந்தேன். மூலையில் தூசி படிந்துகிடந்த பழைய வார்ப்பு அச்சைத் துடைத்து எடுத்து வைத்திருந்தார். அப்படியே பயன்படாது, சப்மெர்சிபிளுக்கு அளவு மாற்ற வேண்டும் என்றார். காகிதமும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தோம். மதியச் சாப்பாடு ஆறிவிட்டது.

என் நேரம் முடிந்துவிட்டதாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வணக்கம்.