இரவல் உடம்பு, சொந்தக் கர்வம்

நேயர்களுக்கு வணக்கம்.

டப்பிங் கூடத்தில் கதாநாயகனுக்குக் குரல் கொடுக்க ஆள் கிடைத்துவிடும். வில்லனுக்குத்தான் தேட வேண்டும். அதிலும் தன்னைத்தானே புகழ்ந்துகொள்கிற வில்லன் என்றால் பாடு அதிகம். கத்திவிட்டால் போதும் என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். கத்தினால் தொண்டையும் கெடும், பாத்திரமும் கெடும். கார்ட்டூன்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பதே என் வேலை. பெருமை பேசும் குரல் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் போட்டுக் காட்டுவது ஒரே ஒரு பாத்திரத்தைத்தான். ஊதா நிற இயந்திர டைனோசர். பெயர் மெகாட்ரான். படம் தெரியாத வானொலியில், அந்தக் குரலை முன்வைத்து அவனைப் பற்றிப் பேசக் கிடைத்தது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். காராக, விமானமாக, லாரியாக உருமாறும் ரோபோக்கள். பொம்மைகள் முதலில் ஜப்பானில் டக்காரா நிறுவனத்தில் பிறந்தவை. டயாக்ளோன் என்றொரு வரிசை, மைக்ரோ சேஞ்ச் என்று இன்னொரு வரிசை. டயாக்ளோன் ரோபோவுக்குத் தனியாக உயிரும் கிடையாது, குணமும் கிடையாது. உள்ளே உட்கார்ந்து ஓட்டுவதற்குக் குட்டி மனித பொம்மைதான் உண்டு. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் இவற்றின் உரிமத்தை வாங்கி 1984-இல் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தபோதுதான் அவை பேசத் தொடங்கின. மார்வெல் காமிக்ஸ் எழுத்தாளர்கள் கதை கொடுத்தார்கள். பாப் புடியான்ஸ்கி என்பவர் பெரும்பாலான பொம்மைகளுக்குப் பெயரும் குணமும் எழுதினார். பெட்டியின் பின்புறம் வலிமை, அறிவு, வேகம், துணிச்சல் என்று பத்துக்கு இத்தனை என மதிப்பெண் போட்டிருக்கும். சிவப்புக் கண்ணாடித் தாள் ஒன்றை மேலே வைத்துப் பார்த்தால்தான் எண் தெரியும். ஒரு பிளாஸ்டிக் துண்டுக்கு ஜாதகம் எழுதியதைப் போன்ற வேலை அது. அந்த ஜாதகம் இல்லாமல் இத்தனை ஆண்டு இந்தக் கதை ஓடியிருக்காது என்பது என் திடமான எண்ணம்.

மெகாட்ரான் என்ற பெயரையும் புடியான்ஸ்கிதான் வைத்தார். அணுகுண்டை நினைவூட்டுகிறதே என்று நிறுவனத்தார் தயங்க, வில்லன் பெயர் பயமுறுத்தத்தானே வேண்டும் என்று தான் வாதாடியதாகப் பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த முதல் மெகாட்ரான் டைனோசர் இல்லை. வால்தர் பி38 கைத்துப்பாக்கியாக மாறுகிறவன், டிசெப்டிகான்கள் என்ற வில்லன் அணியின் தலைவன். ஃபிராங்க் வெல்கர் குரல் கொடுத்தார். அவனுக்குக் கீழே ஸ்டார்ஸ்கிரீம் என்ற துணைத்தலைவன். கிறிஸ் லாட்டாவின் கீச்சுக்குரலில், நான்தான் அடுத்த தலைவன் என்று ஓயாமல் பீற்றிக்கொண்டே இருப்பான். காரியம் கெட்டதும் ஓடிவிடுவான். வெறும் வாய்ச்சவடால். கேட்கச் சுவையாக இருக்கும், பயம் மட்டும் வராது.

நான் சொல்ல வந்தவன் அதற்குப் பிறகு வந்தவன். 1990-களின் நடுவில் பொம்மை விற்பனை சரிந்தபோது, ஹாஸ்ப்ரோ இந்தப் பொறுப்பைத் தன் கீழிருந்த கென்னர் பிரிவிடம் கொடுத்தது. கார் போதும், மிருகமாக மாற்றலாம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். முதலில் வந்த ஜோடிப் பெட்டியில் நல்லவன் ஆப்டிமஸ் ப்ரைமல் வௌவாலாகவும், மெகாட்ரான் முதலையாகவும் இருந்தார்கள். தொலைக்காட்சித் தொடருக்கு வந்தபோது வௌவால் கொரில்லா ஆனது. முதலை, டி. ரெக்ஸ் டைனோசர் ஆனது. கொடுங்கோல் பல்லி அரசன் என்பது அந்த விலங்கின் அறிவியல் பெயரிலேயே இருக்கும் பொருள். 1905-இல் ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்பர்ன் வைத்த பெயர். இந்த வில்லனுக்கு இதைவிடப் பொருத்தமான சட்டை கிடையாது.

தொடரின் பெயர் பீஸ்ட் வார்ஸ். 1996 செப்டம்பரில் தொடங்கி 1999-இல் முடிந்தது, மொத்தம் 52 பகுதிகள். கனடாவில் வான்கூவர் நகரத்து மெயின்ஃப்ரேம் என்டர்டெயின்மென்ட் முழுக்க முழுக்கக் கணினியில் செய்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு பாத்திரத்தையும் கணினியில் கட்டியெழுப்ப நிறையப் பணமும் நாளும் பிடிக்கும். அதனால் தொடக்கத்தில் ஒவ்வொரு அணியிலும் ஐந்து பேர்தான். ஆள் குறைந்ததால் ஒவ்வொருவனும் பேச வேண்டியதாயிற்று, ஒவ்வொருவனுக்கும் உள்மனது என்று ஒன்று தேவைப்பட்டது. பட்ஜெட் இடித்ததில் நமக்குக் கிடைத்த லாபம் இது என்றே நான் நினைக்கிறேன். இருபது பேர் ஓடித் திரிகிற கூட்டத்தில் இப்படி ஒரு வில்லன் வளர்ந்திருக்க முடியாது.

கதைச் சுருக்கம் இதுதான். சைபர்ட்ரான் கிரகத்தில் பழைய போர் முடிந்து அமைதி. பிரெடகான் இனத்தைச் சேர்ந்த நம் மெகாட்ரான் ஒரு தங்கத் தட்டைத் திருடிக்கொண்டு கூட்டாளிகளோடு விண்கலத்தில் தப்புகிறான். ஆப்டிமஸ் ப்ரைமலின் அணியான மாக்ஸிமல்கள் துரத்துகிறார்கள். காலத்தைக் கிழித்துப் போய் இரண்டு கலமும் ஒரு கிரகத்தில் விழுகின்றன. அங்கே எனர்ஜான் என்ற ஆற்றல் கட்டுக்கடங்காமல் கிடக்கிறது, ரோபோ உடம்போடு அதிக நேரம் நின்றால் செயலிழந்துபோகும். மிருகத் தோலைப் போர்த்திக்கொண்டால்தான் தப்பலாம். அந்தக் கிரகம் பல லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய நம் பூமி என்பது முதலில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. வானத்தில் இரண்டு நிலா இருக்கிறது. அதிலொன்று வேற்றுலகத்தார் வைத்த ஆயுதம் என்று முதல் பருவத்தின் முடிவில்தான் வெளிப்படும்.

அந்தத் தங்கத் தட்டு, 1977-இல் நாசா அனுப்பிய வாயேஜர் விண்கலத்தில் வைத்த இசைத்தட்டேதான். நிஜத் தட்டில் 55 மொழிகளில் வணக்கம் பதிந்திருக்கிறது. தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு. தமிழ் இல்லை. இந்தத் தொடரைப் பார்க்கும்போதெல்லாம் அது எனக்கு உறுத்தும்.

இப்போது இந்த மெகாட்ரானிடம் இருப்பதையெல்லாம் கணக்குப் பாருங்கள். தட்டு திருட்டுத் தட்டு. பெயர் அந்தப் பழைய டிசெப்டிகான் தலைவனின் பெயர், இவன் எடுத்து வைத்துக்கொண்டது. உடம்பு? டைனோசர்கள் செத்து ஆறு கோடி ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. மண்ணுக்குள் கிடந்த எலும்பைக் கணினியால் அளந்து அந்த வடிவத்தை எடுத்துக்கொள்கிறான். பெயர் இரவல், உடம்பு இரவல், திட்டம்கூட அந்தத் தட்டில் பழைய மெகாட்ரான் ஒளித்துவைத்த செய்தியிலிருந்து வந்தது. அவனுக்கென்று சொந்தமாக இருப்பது பேச்சு ஒன்றுதான். அதனால்தான் அவன் ஓயாமல் பேசுகிறான். வாயை மூடினால் அவனிடம் மிச்சம் எதுவும் இருக்காது. அவன் குரலை நூறு தடவை கேட்ட பிறகு நான் வந்து சேர்ந்த இடம் இது.

அந்தக் குரல் டேவிட் கேயுடையது. அவர் கத்துவதில்லை. பெரிய மாளிகையில் விருந்து கொடுக்கும் பிரபுவைப் போல, சொல் சொல்லாக ருசித்துப் பேசுகிறார். எதிரியிடம் மரியாதை காட்டுகிறார். வாக்கியம் முடிந்ததும் 'எஸ்ஸ்ஸ்' என்று ஒரு இழுப்பு. யாரும் கேள்வி கேட்கவில்லை, தனக்குத்தானே ஆமாம் போட்டுக்கொள்கிறான். அந்த 'ஸ்' நீளும்போது பல்லியினத்தின் சீறலும் அதில் சேர்ந்துவிடுகிறது. அவனுடைய ரோபோ உருவத்தில் வலது கை இருக்க வேண்டிய இடத்தில் டைனோசரின் தலையே இருக்கிறது. உடம்பும் குரலும் அவ்வளவு ஒட்டிப்போகின்றன.

தமிழில் இதைச் செய்வதென்றால் எப்படி என்று பல நாள் யோசித்திருக்கிறேன். 'ஆமாம்' என்று போட முடியாது. 'ம்' வந்ததும் உதடு மூடிவிடும், சீறல் செத்துவிடும். 'சரி' என்றால் பணிந்துபோகும் தொனி. 'சபாஷ்' கொஞ்சம் நெருங்கி வருகிறது, ஆனால் அது அடுத்தவரைப் பாராட்டும் சொல். கடைசியில் எனக்குப் பிடித்தது 'பேஷ்'. கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டும் பெரிய மனிதரின் சொல். பேஷ்ஷ்ஷ். உதடு திறந்தே இருக்கும், பல் தெரியும், கணினியில் வரைந்த அந்த வாயசைவோடும் பொருந்தும். தன் திட்டத்துக்குத் தானே பேஷ் போட்டுக்கொள்கிற ஒருவனை நினைத்துப் பாருங்கள். அவனைப் பார்த்துச் சிரிப்பும் வரும், முதுகுத்தண்டில் சில்லென்றும் இருக்கும். இவன் சூடான தண்ணீர்த் தொட்டியில் ரப்பர் வாத்தோடு குளிக்கிற காட்சியும் தொடரில் உண்டு. அதைப் பார்த்த பிறகும் அவன் மேல் பயம் குறைவதில்லை.

இந்தக் கர்வத்துக்கு எதிரே இன்னொரு டைனோசரை நிறுத்தினார்கள். அதில்தான் இந்தத் தொடரின் உயரம் இருக்கிறது. டைனோபாட். வெலாசிராப்டர் வடிவம், ஸ்காட் மெக்நீலின் கரகரத்த குரல். அவனும் பிரெடகான். அவனும் அதே எலும்புக்காட்டிலிருந்து எழுந்தவன், அவனும் மார்தட்டுகிறவன். வந்திறங்கிய முதல் நாளே மெகாட்ரானை எதிர்த்துவிட்டு மாக்ஸிமல் பக்கம் போகிறான். போர்க்களத்தில் வீரன் தன் ஆற்றலைத் தானே எடுத்துச் சொல்வதை நம் புறத்திணை மரபு நெடுமொழி என்கிறது. இன்னது செய்யாவிட்டால் நான் இன்னானாகுக என்று சபதம் செய்வது வஞ்சினம். அந்தச் சொல்லைச் சொன்னவன் அதற்கு உயிரைப் பிணையாக வைத்தாக வேண்டும். டைனோபாட் பேசுவது அந்த வகை. மெகாட்ரான் பேச்சுக்கு அப்படிப் பிணை எதுவும் இல்லை.

இரண்டாம் பருவத்தில் அந்த நாள் வருகிறது. தட்டில் எழுதிய எதிர்காலத்தை மாற்ற முடியுமா என்று மெகாட்ரான் சோதிக்கிறான். ஒரு மலையைத் தகர்க்கிறான், தட்டில் இருக்கும் படமும் மாறுகிறது. அப்படியென்றால் மனித இனத்தின் முன்னோரை அழித்தால் மனிதனே இருக்க மாட்டான். அந்த ஆதி மனிதர்கள் வாழும் பள்ளத்தாக்கை நோக்கிப் படையோடு இறங்குகிறான். தடுக்க வருபவன் டைனோபாட் ஒருவனே. தனியாக நின்று பிரெடகான்கள் அத்தனை பேரையும் வீழ்த்துகிறான். ஆற்றல் தீர்ந்துபோகிறது. கையில் ஆயுதம் இல்லை. ஒரு கொம்பில் கல்லைக் கட்டிச் சுத்தியல் செய்துகொண்டு அந்த இரும்பு அரசன் முன்னால் போகிறான். மிச்சமிருந்த கடைசித் துளி ஆற்றலைச் செலவழித்துத் தங்கத் தட்டை உடைக்கிறான். பிறகு நண்பர்கள் சூழ்ந்து நிற்கச் சாகிறான். அவன் கீழே விட்ட சுத்தியலை ஒரு ஆதி மனிதக் குழந்தை கையில் எடுத்துப் பார்க்கிறது. பொம்மை விற்பதற்காகச் செய்த தொடர் இது. அந்தப் பகுதியைப் பார்த்து முடித்ததும் கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை.

மெகாட்ரான் அதோடு அடங்கவில்லை. எரிமலைக்குள் உறங்கிக்கிடக்கும் பழைய கப்பலுக்குள் புகுந்து, அசைவற்றுக் கிடக்கும் ஆப்டிமஸ் ப்ரைமின், அதாவது டிசெப்டிகான்களின் பழைய எதிரித் தலைவனின், தலையைச் சுடுகிறான். அந்தப் பழைய மெகாட்ரானின் உயிர்ப்பொறியையே திருடித் தன் நெஞ்சுக்குள் வைத்துக்கொள்கிறான். எரிமலைக் குழம்பில் விழுந்தவன் சிவப்பு டிராகனாக எழுந்து வருகிறான். டி. ரெக்ஸ்தான் அவனுக்கு அழகு, இறக்கை வந்த பிறகு கொஞ்சம் மிகையாகிவிட்டது என்பது என் கருத்து. ஆனாலும் இரவல் வாங்குவதை அவன் கடைசிவரை நிறுத்தவில்லை என்பதை அந்த உருவமும் காட்டுகிறது.

செத்த டைனோபாட்டையும் அவன் விட்டுவைக்கவில்லை. அவனைப் போலவே ஒரு நகலைச் செய்து தனக்கு அடியாளாக வைத்துக்கொண்டான். கடைசிப் பகுதியில், டிசெப்டிகான்களின் பழைய போர்க்கலத்தைக் கைப்பற்றி, வெற்றி வந்தேவிட்டது என்று அவன் முழங்கிக்கொண்டிருக்கும்போது, அந்த நகலுக்குப் பழைய டைனோபாட்டின் நினைவு திரும்பிவிடுகிறது. எஜமானனுக்கு எதிராகத் திரும்புகிறான். கலம் வீழ்கிறது.

மாக்ஸிமல்கள் ஊர் திரும்பும் ஓடத்தின் வெளிப்புறத்தில், கூரைமேல் சாமானைக் கட்டுவதுபோல மெகாட்ரானைக் கட்டி இழுத்துப்போகிறார்கள். அடுத்து வந்த தொடரில் அவன் வழியிலேயே நழுவி, அவர்களுக்கு முன்பே சைபர்ட்ரான் போய்ச் சேர்ந்து அந்தக் கிரகத்தையே பிடித்துக்கொள்கிறான். அதற்கும் டேவிட் கேதான் குரல். ஆனால் இந்தத் தொடருக்குத் தமிழில் குரல் கொடுக்கும் வாய்ப்பு எனக்கு எப்போதாவது வந்தால், ஓடத்தின்மேல் கட்டுண்டு கிடக்கும் அந்த ஒரு காட்சியில் மட்டும் 'பேஷ்' சொல்ல மாட்டேன். மைக்கின் முன்னால் வாயைத் திறந்து, மூச்சை மட்டும் விடுவேன்.

வணக்கம்.