சம்மதம் வரும்வரை காத்திருக்க முடியாது

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடியிலிருந்தும் பட்டிருப்புப் பாலம் தாண்டிப் படுவான்கரையிலிருந்தும் வந்திருக்கும் உறவுகளே, வணக்கம்.

பதின்ம வயதுப் பிள்ளை மறுத்தாலும் அதை மனநலச் சிகிச்சைக்குக் கொண்டுபோகும் அதிகாரம் பெற்றோருக்கு உண்டா என்பது தலைப்பு. உண்டு என்று சொல்ல வந்திருக்கிறது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். தாயும் பிள்ளையும் ஒன்றானாலும் வாயும் வயிறும் வேறு என்றார். மனம் பிள்ளையின் சொந்தம், அதற்குள் யாரும் பலவந்தமாக நுழையக்கூடாது என்றார். காதலித்த மகளையும் கணிதப் பிரிவு வேண்டாம் என்ற மகனையும் மனநோயாளி ஆக்கிவிடுவார்கள் என்று பயந்தார். ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயத்தையும் எடுத்துக் காட்டினார். எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முதல் நம்முடைய ஊரைப் பார்ப்போம்.

எதிரணி பயப்படுகிற பெற்றோர், பிள்ளையை இழுத்துக்கொண்டு வைத்தியரிடம் ஓடுகிற பெற்றோர், நம் ஊரில் எத்தனை பேர்? நான் கண்டதெல்லாம் மறைக்கிற பெற்றோரைத்தான்.

எங்கள் பகுதியில் ஒரு பிள்ளை. எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். பதினைந்து வயது, ஓ.எல். பரீட்சை எடுக்க வேண்டிய பெட்டை. முதலில் பள்ளிக்கூடம் போவது நின்றது. பிறகு தலை வாருவது நின்றது. அடுத்த வீட்டார் இரவு முழுக்கத் தன்னைப் பற்றியே கதைக்கிறார்கள், அந்தச் சத்தம் கேட்கிறது என்று சொல்லி, ஜன்னல் கம்பியில் பழைய பெட்சீற்றைக் கட்டி அறையை இருட்டாக்கிக்கொண்டு இருந்தது. தாய் சும்மா இருக்கவில்லை. கோயிலுக்குக் கொண்டுபோய் வாக்குக் கேட்டாள். நூல் கட்டினாள். தண்ணீர் ஓதிக் குடிக்கக் கொடுத்தாள். பிள்ளை திமிறியது, இரண்டு பேர் கையைப் பிடித்துத்தான் கொண்டுபோனார்கள். அதற்கெல்லாம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து, "ஒருக்கா கிளினிக்குக் கொண்டு போவம் அக்கா" என்று சொன்னபோதுதான் தாய் சொன்னாள்: "பிள்ள வரமாட்டன் எண்டு நிக்குது மிஸ், நாங்க என்ன செய்யிற?"

நடுவர் அவர்களே, கோயிலுக்குத் தேவைப்படாத சம்மதம் ஆஸ்பத்திரிக்கு மட்டும் தேவைப்பட்டது. ஏன்? கிளினிக் வாங்கில் யாராவது தெரிந்தவர் கண்டுவிட்டால்? நாளைக்குக் கலியாணம் பேச வேண்டாமா? ஊர் வாயை மூட உலைமூடி இல்லையே! அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் பயந்தது ஊருக்கு. ஆனால் எதிரணி கேட்கிற விதி நடைமுறைக்கு வந்தால், அந்தப் பயத்துக்கு நல்ல மறைவிடம் ஒன்று கிடைத்துவிடும். "பிள்ளை சம்மதிக்கவில்லை" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தலாம்.

அந்தப் பிள்ளையின் "வரமாட்டேன்" எங்கிருந்து வந்தது? "விசர் ஆஸ்பத்திரி", "அங்கொடைக்கு ஏத்திப் போடுவாங்கள்" என்று, அங்கொடை மனநல ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி வெருட்டுவதைச் சிறு வயதிலிருந்தே வீட்டிலும் தெருவிலும் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை அது. நாமே ஊட்டிய பயத்தை, பிள்ளையின் சுதந்திரமான முடிவு என்று பெயர் வைத்து மதிக்கச் சொல்கிறார்கள். இல்லாத குரல் கேட்கிற நோய்க்கு இன்னொரு தன்மையும் உண்டு: தனக்கு நோய் இருக்கிறது என்பதையே பல நேரம் நோயாளிக்குத் தெரியாமல் செய்துவிடும். சிகிச்சை தள்ளிப்போகப் போக மீண்டு வருவது கடினமாகும் என்பது மனநல வைத்தியத்தில் நன்றாக நிறுவப்பட்ட விஷயம்.

கடைசியில் தாய்மாமன்தான் ஓட்டோ பிடித்து வந்து ஏற்றினார். பிள்ளை வழியெல்லாம் அழுதது. இன்றைக்கு அதே பிள்ளை கிளினிக் கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு தானாகப் பஸ் ஏறிப் போகிறது.

உலக சுகாதார நிறுவனம், 10 முதல் 19 வயது வரையான 7 பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கணக்கிடுகிறது. மனநோய்களில் ஏறத்தாழப் பாதி 18 வயதுக்குள் தலைகாட்டிவிடுகின்றன. அதாவது, எந்த வயதுப் பிள்ளைக்குத் தனி முடிவு வேண்டும் என்று எதிரணி கேட்கிறதோ, அந்த வயதில்தான் நோயும் வருகிறது.

இனி, இந்த நாடே அனுபவித்துக் கற்ற ஒரு பாடத்தைச் சொல்கிறேன். 1995ஆம் ஆண்டளவில் இலங்கையின் தற்கொலை வீதம் 1 லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. வயல் செய்கிற வீடுகளில் பயிருக்கு அடிக்கிற கிருமிநாசினிப் போத்தல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. படுவான்கரை மக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடும் நச்சான கிருமிநாசினிகளை அரசு ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. வறுமை ஒழிந்துவிடவில்லை. யுத்தம் நடந்தது, சுனாமி வந்தது. ஆனாலும் இறங்கியது. காரணம், சாக வேண்டும் என்று தோன்றிய அந்த ஒரு மணிநேரத்தைக் கடந்துவிட்ட மனிதர்களில் பெரும்பாலானோர் உயிரோடு இருக்கவே விரும்பினார்கள். அந்த நேரத்தில் அவர்கள் எடுத்த முடிவு அவர்களுடைய கடைசி முடிவு அல்ல. வளர்ந்தவர்களுக்கே இப்படியென்றால், பதினாறு வயதுப் பிள்ளை இருட்டு அறைக்குள் இருந்து "என்னை விடுங்கோ" என்று சொல்வதை அதன் முடிந்த முடிவாக எடுத்துக்கொண்டு திரும்பிப் போவது உரிமைக்கு மதிப்புக் கொடுப்பதாகுமா? வயிறு வேறுதான் நண்பரே. ஆனால் அந்தப் பிள்ளை போனால் பற்றி எரிவது பெற்ற வயிறு.

அடுத்தது, காதலித்த மகள். இந்த அச்சம் நியாயமானது. பெற்றோர் எல்லோரும் நல்லவர்கள் என்று நான் வாதாடவில்லை. நாங்கள் கேட்கிற அதிகாரம் வைத்தியரின் அறை வாசல் வரைக்கும்தான். நோய் இருக்கிறதா என்று சொல்வது வைத்தியர். பிள்ளையைத் தனியே இருத்திக் கதைக்க வேண்டியதும் அவர்தான். பிழை வீட்டில் இருந்தால், சிகிச்சை தகப்பனுக்குத்தான் வேண்டுமென்று சொல்ல அங்கே ஒருவராவது இருப்பார். பூட்டிய வீட்டுக்குள் யார் இருப்பார்?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1979இல், ஜோர்ஜியா மாநில வழக்கு ஒன்றில் இப்படித்தான் தீர்த்தது: பிள்ளையை மனநல மருத்துவமனையில் சேர்க்கப் பெற்றோர் கேட்கலாம், ஆனால் அது தேவையா என்று நடுநிலையான ஒருவர் ஆராய வேண்டும், அந்த ஒருவர் வைத்தியராகவும் இருக்கலாம். இங்கிலாந்தில் 1985இல், விளங்கிக்கொள்ளும் பக்குவம் உள்ள பிள்ளை 16 வயதுக்குக் கீழே இருந்தாலும் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம் என்று பெரிய தீர்ப்பு ஒன்று வந்தது. எதிரணி அதைத் தூக்கிப் பிடிக்கக்கூடும். அதே நாட்டில் 1992இல், சாப்பிட மறுத்து உடல் நலிந்துபோன 16 வயதுப் பெண்ணின் மறுப்பை மீறிச் சிகிச்சை கொடுக்க நீதிமன்றம் அனுமதித்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயதிலேயே பிள்ளை தன் மனநலச் சிகிச்சையைத் தீர்மானிக்கலாம். அங்கேயும் 2019இல் சட்டத்தைத் திருத்தி, பிள்ளை மறுத்தாலும் வரையறையோடு சிகிச்சைக்குக் கொண்டுவரப் பெற்றோருக்கு வழியை அகலப்படுத்தினார்கள்.

சமவாயத்துக்கு வருகிறேன். இலங்கை 1991இல் அதை ஏற்றது. 12ஆம் உறுப்புரை, பிள்ளையின் கருத்தைக் கேள், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கொடு என்கிறது. பிள்ளை வேண்டாம் என்றால் கைவிடு என்று அதில் எங்கே இருக்கிறது? 24ஆம் உறுப்புரை, கிடைக்கக்கூடிய உயர்ந்த சுகாதார நிலையைப் பிள்ளையின் உரிமை என்கிறது. அந்த உரிமையை நோயில் கிடக்கிற பிள்ளைக்காகக் கையில் எடுப்பது யார்?

"கட்டாயப்படுத்தினால் பிள்ளை வாய் திறக்காது" என்றும் சொன்னார்கள். சில நேரம் திறக்காதுதான். அதற்காகச் சிகிச்சை என்றால் கட்டிலும் ஊசியும் மட்டும் என்று நினைக்க வேண்டாம். இதே மட்டக்களப்பில் 1996இல், யுத்தத்துக்கு நடுவில், பிள்ளைகளின் மனக்காயத்தை ஆற்றுவதற்கென்று வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கியது. சுற்றுக் கிராமங்களிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் கொண்டுவந்தார்கள். களிமண், கதை, நாடகம், விளையாட்டு. எனக்குச் சிகிச்சை வேண்டும் என்று கேட்டா அந்தப் பிள்ளைகள் வந்தன? பெரியவர்கள் கண்டுபிடித்து அழைத்து வந்தார்கள். வந்த பிறகு பிள்ளைகளின் வாய் தானாகத் திறந்தது.

சபையில் இப்படியொரு பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு யாராவது இருந்தால், என் வாதத்தை விடுங்கள், 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் அது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவும் இருக்கிறது.

நடுவர் அவர்களே, எனக்கு அடுத்துப் பேச வருகிற எதிரணிச் சகோதரியிடம் ஒரு கேள்வி. வெல்லாவெளியிலிருந்து ஒரு தாய் உங்களுக்குத் தொலைபேசி எடுக்கிறாள். பதினாலு வயது மகன் நான்கு நாளாகச் சாப்பிடவில்லை, நித்திரை இல்லை, சாகப்போகிறேன் என்கிறான், ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஓட்டோ வாசலில் நிற்கிறது. அந்தத் தாய்க்கு என்ன சொல்வீர்கள்? அதற்குப் பதில் தந்துவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.