சிதறிக் கிடந்ததைச் சேர்த்துக் கேட்டவர்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, எனக்கு முன் பேசி அமர்ந்திருக்கும் எதிரணி நண்பரே, அனைவருக்கும் என் வணக்கம்.

‘அறுபதுகளின் கேரேஜ் ராக் இன்றும் வாழக் காரணம் அதைப் பாடியவர்களா, பின்னாளில் தேடித் தொகுத்தவர்களா’ என்பது இன்றைய வினா. அறுபதுகளில் முதன்மையாக அமெரிக்க இளைஞர் குழுக்கள் வாசித்த முரட்டு ராக் இசையே கேரேஜ் ராக். பாடியவர்களே என்று வாதிட்ட நண்பர், பூவைத் தொடுத்தவர் பூவுக்கு மணம் தந்தவர் ஆகமாட்டார் என்ற உவமையோடு தம் உரையை முடித்தார். மணம் பூவினுடையது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1968-ஆம் ஆண்டு முடியும் வேளையில் அந்தப் பூக்கள் எங்கே, எந்த நிலையில் கிடந்தன என்பதை அவர் சொல்லாமல் விட்டார். தேடித் தொகுத்தவர்களே காரணம் என்று வாதிடும் நான் அந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் தோன்றியபோது ஏறத்தாழ 7.3 கோடி அமெரிக்கர்கள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தார்கள். அதற்கு முன்பே வாஷிங்டன், ஒரிகன் மாநிலங்களின் நடன அரங்குகளில் முரட்டு ராக் இசை ஒலித்துக்கொண்டிருந்தது உண்மைதான். ஆயினும் அந்த இரவுக்குப் பின் ஊர்தோறும் பள்ளி மாணவர்கள் கிட்டார் வாங்கி, அப்பாவின் கார் நிற்கும் கொட்டகையில் கூடிப் பழகத் தொடங்கினார்கள். இந்த இசையின் பெயரே அந்தக் கொட்டகையிலிருந்து வந்ததுதான். ‘கார்டு’ எனப்படும் மூன்று சுரக்கூட்டுகள், கிட்டாரின் ஒலியைக் கரகரக்க வைக்கும் ஃபஸ் பெட்டி, கட்டுப்படியாகும் விலையில் கிடைத்த ஒரு ஆர்கன், தொண்டை கிழியக் கத்தும் ஒரு பையன். இவ்வளவும் சேர்ந்தால் ஒரு குழு. ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தைச் சில மணி நேரம் வாடகைக்கு எடுத்து, இரு பக்கமும் ஒவ்வொரு பாட்டாகப் பதிந்து, சில நூறு சிறிய இசைத்தட்டுகளை அச்சிட்டு, உள்ளூர் வானொலியில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு சிலர் கல்லூரிக்குப் போனார்கள். வியட்நாம் போருக்கான கட்டாய ராணுவ அழைப்பு சிலரை வாரிக்கொண்டது. 1967-க்குப் பின் ரசனையும் நீண்ட ஆல்பங்களின் பக்கம் சாய்ந்துவிட, அந்தத் தட்டுகள் பழைய பொருள் கடைகளின் பெட்டிகளுக்குள் போய்ச் சேர்ந்தன.

இங்கே ஒன்றை அவை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அந்தக் குழுக்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று அறியாதவை. டகோமா நகரத்து இளைஞர்களின் தட்டு டெக்ஸஸின் டைலர் நகரத்தை எட்டவில்லை; மினசோட்டாவில் ஆடியவர்கள் மாசசூசெட்ஸில் பாடியதைக் கேட்கவில்லை. பிரிட்டிஷ் குழுக்களான ரோலிங் ஸ்டோன்ஸைப் போலவோ யார்ட்பேர்ட்ஸைப் போலவோ வாசித்துவிட வேண்டும் என்பதே அவர்களில் பலருடைய ஆசை. ஒவ்வோர் ஊரிலும் ஒரு பாட்டு இருந்தது. இவை அனைத்தும் ஒரே இசை என்பதை மட்டும் எந்த ஊரும் சொல்லவில்லை, ஏனெனில் அவற்றை ஒரே இடத்தில் அடுத்தடுத்து வைத்து எவரும் கேட்கவில்லை.

அப்படிக் கேட்டவர் லென்னி கே. நியூயார்க்கின் பிளீக்கர் தெருவில் பழைய இசைத்தட்டுகள் விற்கும் கடையொன்றில் பணியாற்றியவர், இசை பற்றி எழுதியவர். எலெக்ட்ரா இசைத்தட்டு நிறுவனத்தின் தலைவர் ஜாக் ஹோல்ஸ்மன் விரும்பியபடி அவர் தொகுத்து 1972-இல் வெளிவந்த ‘நகெட்ஸ்’ என்ற இரட்டை இசைத்தட்டில் 27 பாடல்கள் இருந்தன. பாஸ்டனின் ரிமெய்ன்ஸ், சிகாகோப் பக்கத்து ஷாடோஸ் ஆஃப் நைட், சான் ஹொசேயின் கவுண்ட் ஃபைவ், ஆஸ்டினின் தேர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ், டெட்ராய்ட்டின் அம்பாய் டியூக்ஸ் என வெவ்வேறு ஊர்களில் வாசித்தவர்கள் அங்கே அண்டை வீட்டாரானார்கள். அவற்றுள் சில தேசிய அளவில் வென்ற பாடல்கள்; சில தம் ஊரைத் தாண்டாதவை. வெற்றியை அளவுகோலாகக் கொண்டிருந்தால் இந்த வரிசை பிறந்திருக்காது. ஆசைக்கும் திறமைக்கும் இடையில் ஓர் இடைவெளி இருக்கிறது, அதை ஆவேசத்தால் தாண்ட முயல்வதே இந்த இசையின் உயிர் என்று அவர் காது கண்டுகொண்டது. அந்தக் கண்டுபிடிப்பைத்தான் நான் படைப்பு என்கிறேன்.

அத்தொகுப்பில் பார்பேரியன்ஸ் குழுவின் ‘மௌல்ட்டி’ என்ற பாடல் இருக்கிறது. அக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் சிறுவயதில் வெடிவிபத்தில் இடக்கையை இழந்து, அதற்குப் பதில் பொருத்திய கொக்கியில் குச்சியைப் பிடித்து வாசித்தவர். தமக்கு நேர்ந்ததையும், அதனால் தாம் முடங்கிவிடாததையும் அவரே பேசுவதுபோல் அப்பாட்டில் சொல்கிறார். இசை நுட்பம் என்று பார்த்தால் அதில் பெரிதாக ஒன்றுமில்லை. முதன்முறை கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. இன்று கேட்டாலும் அப்படித்தான். 1966-இல் விற்பனைப் பட்டியலின் அடிப்பகுதியில் சில வாரங்கள் இருந்து மறைந்துபோன அந்தக் குரல் என் காதுவரை வந்து சேர்ந்ததற்கு, ஆறாண்டுகளுக்குப் பின் ஒருவர் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தது காரணமில்லையா, நடுவர் அவர்களே?

தொகுப்புடன் லென்னி கே எழுதிய குறிப்பில் இந்த இசையைச் சுட்ட ‘பங்க் ராக்’ என்ற சொல்லைக் கையாண்டார். அதற்கு முந்தைய ஆண்டு, கிரீம் என்ற இதழில் டேவ் மார்ஷ், ‘கொஸ்டின் மார்க் அண்ட் த மிஸ்டீரியன்ஸ்’ குழுவைப் பற்றி எழுதுகையில் அதே சொல்லைப் பயன்படுத்தியிருந்தார். பின்னால் உலகத்தையே உலுக்கிய ஓர் இயக்கத்தின் பெயர், முதலில் இந்தப் பழைய தட்டுகளைத் திரும்பக் கேட்டவர்களின் பேனாவில்தான் புழங்கியது. பூவுக்குத் தன் பெயர் தெரிய வேண்டியதில்லை. ஓர் இசை தனக்குப் பின்வருவோரைக் கூட்ட வேண்டுமானால் அதற்குப் பெயர் வேண்டும். ‘நாங்கள் அந்த வழியில் வந்தவர்கள்’ என்று சுட்டிக்காட்ட ஒரு வழி இருக்க வேண்டும்.

அந்த வழி எப்படி நீண்டது என்பதற்கு லென்னி கேயின் வாழ்க்கையே சான்று. தொகுப்பு வெளிவந்து மூன்றாண்டுகளில், பங்க் பாடகி பாட்டி ஸ்மித்தின் ‘ஹார்ஸஸ்’ ஆல்பத்தில் கிட்டார் வாசித்தவர் அவரே. அந்த ஆல்பம் எந்தப் பாட்டோடு தொடங்குகிறது? பெல்ஃபாஸ்டின் ‘தெம்’ குழு பாடி, 1966-இல் ஷாடோஸ் ஆஃப் நைட் அமெரிக்காவில் வெற்றி பெறச் செய்த ‘குளோரியா’வோடு. ‘நகெட்ஸ்’ 1976-இல் மறுவெளியீடு கண்டபோது அதை வெளியிட்டது சயர் நிறுவனம். அதே ஆண்டில், அதே நிறுவனத்திலிருந்துதான் பங்க் இயக்கத்தின் முன்னோடியான ரமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பமும் வந்தது.

இப்போது நண்பரின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். 1972-க்கு முன்பே, 1969-இல் மிச்சிகனின் ஸ்டூஜஸ் குழுவினர் முதல் ஆல்பத்தை வெளியிட்டுவிட்டார்கள்; அதன் பாடகர் இக்கி பாப் பள்ளிநாளில் இகுவானாஸ் என்ற கேரேஜ் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர்; ஆகவே செல்வாக்கு நேரடியாகவே கைமாறியது, தொகுப்பாளர் எவரும் தேவைப்படவில்லை என்றார். வரலாறு சரிதான், மிச்சிகனில் அந்தத் தீ அணையவே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஒரு வட்டாரத்தின் தொடர்ச்சி. அந்த மேடைகளுக்கு அருகில் பிறந்தவருக்கு அது கிடைத்தது. தலைப்பு கேட்பது ‘இன்றும் வாழ்வது’ பற்றி. ஸ்வீடனின் ஃபகெர்ஸ்டா என்ற சிற்றூரில் பிறந்து 2000-களில் உலக மேடைகளை அதிரவைத்த ஹைவ்ஸ் குழுவினர், அறுபதுகளில் பிறந்தே இருக்கவில்லை; டெட்ராய்ட் நடன அரங்கில் நின்று கேட்டிருக்கவும் முடியாது. அவர்களின் தலைமுறைக்கு அந்த ஒலி தொகுப்புத் தட்டுகள் வழியாகவே வந்து சேர முடிந்தது.

அடுத்து ‘லூயி லூயி’. தொகுக்காமலே வாழ்ந்த பாட்டு என்று நண்பர் பெருமையோடு அதை எடுத்துவைத்தார். 1963 ஏப்ரலில் போர்ட்லாந்தில் கிங்ஸ்மென் குழு சொற்பப் பணத்தில் பதிந்தது. பாடகர் ஓரிடத்தில் அவசரப்பட்டு முன்கூட்டியே நுழைந்துவிட்ட பிழையைக்கூடத் திருத்தாமல் வெளியிட்டது. விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியது. சொற்கள் ஆபாசமோ என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. விசாரித்து, எந்த வேகத்தில் ஓட்டினாலும் ஒன்றும் புரியவில்லை என்று கைவிட்டது. எல்லாம் உண்மை. அந்தப் பாட்டை எழுதியவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்வோம். லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த கறுப்பினப் பாடகர் ரிச்சர்ட் பெர்ரி அவர். உரிமையை 750 டாலருக்கு விற்றுவிட்டு, தம் பாட்டைப் பிறர் பாடிப் புகழ் பெறுவதைப் பல்லாண்டு தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர். 1983-இல் கலிஃபோர்னியாவின் கே.எஃப்.ஜே.சி. என்ற கல்லூரி வானொலி, ‘லூயி லூயி’யின் 800-க்கும் மேற்பட்ட வடிவங்களைத் திரட்டி 63 மணி நேரம் இடைவிடாமல் ஒலிபரப்பியது. பெர்ரியையும் அங்கே அழைத்து வந்து பெருமைப்படுத்தியது. எண்பதுகளில் அவர் தம் உரிமையில் ஒரு பகுதியை மீட்கவும் செய்தார். பாட்டு தானாக வாழ்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். பாட்டின் தந்தையை மீண்டும் அவைக்கு அழைத்து வந்தவர்கள், தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர்கள்.

தேடியவர்கள் என்று நான் சொல்லும்போது லென்னி கேயோடு நிறுத்திக்கொள்ளவில்லை. எழுபதுகளின் இறுதியில் கிரெக் ஷா தொடங்கிய ‘பெபிள்ஸ்’ வரிசை, 1983-இல் டிம் வாரனின் கிரிப்ட் நிறுவனம் தொடங்கிய ‘பேக் ஃப்ரம் த கிரேவ்’ வரிசை ஆகியவை இன்னும் ஆழத்துக்குப் போயின. உள்ளூர்ப் பட்டியலைக்கூட எட்டாத தட்டுகளை அவை வெளியே கொண்டுவந்தன. ‘நகெட்ஸ்’ 1998-இல் 118 பாடல்கள் கொண்ட பெட்டியாக விரிந்தது. 2001-இல் வந்த அடுத்த பெட்டி நெதர்லாந்தின் அவுட்சைடர்ஸ், உருகுவேயின் லாஸ் ஷேக்கர்ஸ், ஜப்பானின் மாப்ஸ் ஆகியோரையும் சேர்த்துக்கொண்டது. இந்தியாவும் இதற்கு வெளியே நிற்கவில்லை. ‘சிம்லா பீட்’ என்ற அனைத்திந்தியப் போட்டியிலிருந்து 1970-இலும் 1971-இலும் வெளிவந்த இசைத்தட்டுகளைப் பின்னாளில் மேலைநாட்டுச் சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடி மறுவெளியீடு செய்தார்கள். நம் நாட்டு இளைஞர்கள் ஃபஸ் கிட்டார் வாசித்தார்கள் என்பதே நம்மில் பலருக்கு அதற்குப் பின்தான் தெரியும்.

மங்க்ஸ் குழுவை நினைத்துப் பாருங்கள். ஜெர்மனியில் பணியாற்றிய அமெரிக்கப் படைவீரர்கள் ஐவர், துறவியரைப் போல உச்சந்தலையை மழித்துக்கொண்டு, கழுத்தில் கயிறு அணிந்து, பாஞ்சோ என்ற நரம்பிசைக் கருவிக்கு மின்னிணைப்புக் கொடுத்து, 1966-இல் ‘பிளாக் மங்க் டைம்’ என்ற ஆல்பத்தை அங்கே வெளியிட்டார்கள். அவர்களின் தாய்நாட்டில் அது வெளிவர 1997 ஆயிற்று. தங்கள் இசை தோற்றுவிட்டது என்றே எண்ணி வாழ்ந்தவர்கள் 1999-இல் நியூயார்க் மேடையில் மீண்டும் ஒன்றுகூடினார்கள். இடைப்பட்ட முப்பதாண்டுகளில் அவர்களின் இசை ஒரு சுரம்கூட மாறவில்லை. மாறியதெல்லாம் கேட்பவர்கள், அந்தக் கேட்பவர்களை உண்டாக்கியது யார் என்பதுதான் இந்த மன்றத்தின் வினா.

இறுதியாக டகோமாவின் சோனிக்ஸ். 1965-இல் வெளிவந்த அவர்களின் முதல் ஆல்பத்தின் டிரம்ஸ் ஒலியைப் பிற்காலத்தில் நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபேன் வியந்து பேசினார். அவர்களின் ‘ஸ்டிரிக்னைன்’ பாட்டை 1980-இல் கிராம்ப்ஸ் குழு பாடியது. ரிச்சர்ட் பெர்ரி எழுதி அவர்கள் முரட்டுத்தனமாக்கிய இன்னொரு பாட்டை 2003-இல் பிளாக் கீஸ் எடுத்துக்கொண்டது. அறுபதுகளின் இறுதியில் கலைந்துபோன அக்குழுவை 2007-இல் நியூயார்க்குக்கு அழைத்து மேடையேற்றியவர்கள், பழைய தட்டுகளைப் போற்றிப் பாதுகாத்த ரசிகர்களே. 2015-இல் அவர்கள் புதிய ஆல்பம் ஒன்றைப் பதிந்தார்கள். அதைத் தயாரித்தவர் ஜிம் டைமண்ட். டெட்ராய்ட்டில் ஒயிட் ஸ்டிரைப்ஸ் குழுவின் தொடக்க கால ஆல்பத்தைப் பதிந்து கொடுத்தவர், அதாவது சோனிக்ஸின் பேரன்மார் தலைமுறைக்கு ஒலி அமைத்தவர். எழுபது வயதை ஒட்டிய அந்தப் பாட்டன்மாரை அவர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நிறுத்தி, 1965-இல் பதிந்ததைப் போலவே, மோனோ எனப்படும் ஒற்றை ஒலிவழியில் பதிவு செய்தார்.